பெர்கனில் இரண்டரை நாள்: மருமகளின் பூர்வீக ஊரில் முழங்கால் வலியோடு எதைப் பார்க்கலாம்?

திருநகர்க்காரி:
என் மகன் இருப்பது அமெரிக்காவில், மினசோட்டாவில். மருமகளும் அங்கேயே பிறந்தவள்தான். ஆனால் அவளுடைய எள்ளுத்தாத்தா நார்வேயில் பெர்கனிலிருந்து கப்பலேறி வந்தவர். ஜூனில் எல்லோரும் அங்கே போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். பழமுதிர்சோலைக்கே நான் வண்டியில்தான் போய் வருகிறேன். நீகிர்க்கென் என்ற சர்ச்சில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததாக வீட்டுப் பேச்சு. "அப்பத்தாவுக்கு மீனாட்சி கோயில் மாதிரி எனக்கு அது" என்கிறாள் பேத்தி, ஒன்பது வயசு. வேறு எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரை:
அம்மா, மூன்று வருஷம் அந்தத் துறைமுகத்தில் வேலை பார்த்தவன் நான், இப்போது செல்லூரில் இருக்கிறேன். ஜூன் என்று நம்பிக் குடையோடு போகாதீர்கள், காற்று அதைத் திருப்பிவிடும், ரெயின்கோட் வாங்குங்கள். வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நம்ம ஊரில் அதில் பாதிகூடப் பெய்யாது.

மலையேற முழங்கால் வேண்டாம். பழனி விஞ்ச் மாதிரியே ஒன்று ஃப்ளாயன் மலைக்கு 1918 முதல் ஓடுகிறது. மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஏறினால் 320 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடும்.

நேரத்தை ப்ரிக்கெனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் வியாபாரிகள் இருந்த மரக்கட்டடங்கள். 1702 தீவிபத்துக்குப் பிறகு பழைய அமைப்பிலேயே கட்டியவை. முழுக்க மரம் என்பதால் உள்ளே அடுப்போ விளக்கோ கூடாது; சமையலும் குளிர்காய்தலும் பின்பக்கம் தனிக் கட்டடத்தில். அவர்கள் வாங்கி விற்றது முக்கியமாகக் கருவாடு. உப்பே போடாமல் வடக்கே குளிர்காற்றில் காயவைத்த காட் மீன், கட்டை மாதிரி இருக்கும். சந்துக்குள் பலகைத் தரை. நனைந்தால் வழுக்கும், மகன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சர்ச் பற்றிப் பேத்தியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1944 ஏப்ரல் 20 அன்று வெடிமருந்துக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் வெடித்ததில் அதுவும் நொறுங்கியது. இப்போது இருப்பது திரும்பக் கட்டியது.

ஒத்தக்கடை:
அக்கா, போகும் முன் பெயரைத் தேடிவிடுங்கள். நார்வே ஆவணக் காப்பகத்தின் டிஜிட்டல் தளத்தில் சர்ச் பதிவேடுகளும் 1865 மக்கள்தொகைக் கணக்கும் இலவசம். குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் குழம்பும். ஓலாவின் மகன் ஹான்ஸ் என்றால் ஹான்ஸ் ஓல்சென். அந்த ஹான்ஸின் மகன் ஹான்சென். நம்ம இனிஷியல் கதைதான். கிராமத்துக்காரர் என்றால் பண்ணைப் பெயரும் ஒட்டிக்கொள்ளும். எல்லோருக்கும் நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று சட்டம் வந்ததே 1923இல்தான். அதனால் அவருடைய அப்பாவின் முதல் பெயர் என்ன என்று மருமகளிடம் கேளுங்கள்.

திருநகர்க்காரி:
தம்பிகளுக்கு நன்றி. மருமகள் வீட்டுப் பைபிளின் முன்பக்கத்தில் அப்பா பெயர் இருந்ததாம். நேற்று ராத்திரி வீடியோ காலில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து தேடினோம். 1865 கணக்கில் கிடைத்துவிட்டார், நாலு வயதுப் பையன். அப்பா பீப்பாய் செய்பவர். சர்ச் உடைந்த கதையைச் சொன்னேன், பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பீப்பாயில் கருவாடு போடுவார்களா?" என்று கேட்டாள். வைகைக்கரைத் தம்பி, அதற்கு என்ன பதில் சொல்வது?

வைகைக்கரை:
கருவாட்டைக் கட்டாகக் கட்டித்தான் ஏற்றுவார்கள். பீப்பாயில் போனது உப்பு போட்ட ஹெர்ரிங் மீன் என்று சொல்லுங்கள் அம்மா.