மென்மையான சுருட்டை முடியில் டிரெட்லாக்ஸ் நிற்குமா?

தாழம்பூ:
எனக்குச் சுருட்டை முடி. ஆனால் ஆட்டுக்குட்டி ரோமம்போல மெல்லியது. விரலில் சுற்றிவிட்டால் உடனே வழுக்கிப் பிரிந்துவிடும். பல வருட ஆசை, மே மாதம் சென்னையில் ஓர் அழகு நிலையத்தில் டிரெட்லாக்ஸ், அதாவது முடியைத் திரிதிரியாகச் சிக்காக்கி இறுகவிடும் சடை, போட்டுக்கொண்டேன். மொத்தம் 38 திரிகள். சீப்பால் வேர்ப்பக்கம் தள்ளித் தள்ளிச் சிக்காக்கி, மேலே தேன்மெழுகு பூசி உருட்டிவிட்டார்கள். ஒரு மாதம் தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது என்றார்கள். அந்த வெயிலில் 17 நாள்தான் தாங்க முடிந்தது. தலை முழுகியதும் 11 திரிகள் அவிழ்ந்துவிட்டன. மற்றவை வெளியே பிசுபிசுப்பு, உள்ளே தொளதொளப்பு. பிடரியில் நான்கு திரிகள் வேரில் ஒன்றாகப் பின்னிக்கொண்டன.

நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போடு, எல்லாம் சரியாகும் என்கிறார் அம்மா. போடலாமா? வெட்டிவிட மனம் வரவில்லை. என் முடிக்கு ஒத்தே வராது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

கரிசல்காட்டுக்காரி:
ஒத்துவரும், தங்கையே. என் முடியும் இதே வகை. ஒன்பது வருடமாகச் சடையோடு இருக்கிறேன். சுருள்தான் உங்களுக்குத் துணை, ஒரு முடி இன்னொன்றைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். கெடுத்தது மெழுகு.

தேன்மெழுகு உருக 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டுத் தண்ணீரைத் தலையில் ஊற்ற முடியாது. ஷாம்புக்கும் அது மசியாது, எண்ணெய்க்குத்தான் இளகும். வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிரியுங்கள். ஆம், எல்லாத் திரிகளையும் அவிழ்க்கத்தான் சொல்கிறேன். மூன்று மாதச் சடை வெட்டாமலே பிரியும். முடி கொத்தாகக் கையோடு வரும், பதறாதீர்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி எவருக்கும் உதிரும். இத்தனை நாள் உதிர்ந்ததெல்லாம் திரிக்குள்ளேயே தங்கியிருக்கிறது.

சடை போட்ட பிறகு சீயக்காய்த்தூள் வேண்டவே வேண்டாம். முதல் வருடம் நான் அதைத்தான் போட்டேன். ஒரு திரி கனத்துக்கொண்டே போகிறதே என்று நடுவில் பிளந்து பார்த்தால், காய்ந்த சாந்துபோலப் பழுப்பாக இறுகிக் கிடந்தது. அலசி அலசிப் பார்த்து, கடைசியில் அந்தத் திரியை வெட்டி எறிந்தேன். இப்போது பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டிய தண்ணீர்தான் போடுகிறேன். கண்ணில் பட்டால் எரியும்.

மறுபடி தொடங்கும்போது சீப்பை விடுங்கள். மென்முடியில் அந்தச் சிக்கு நிலைக்காது. தலையை இரண்டரை சென்டிமீட்டர் சதுரங்களாக வகிர்ந்து, ஒவ்வொரு கற்றையையும் இரண்டு புரியாக்குங்கள். புரிகளைத் தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் சுற்றுங்கள். கயிறு திரிக்கும் கணக்கு இது; எதிரெதிர் முறுக்கு ஒன்றையொன்று அவிழவிடாது. துருத்தும் முடிகளை நுனியில் கொக்கி உள்ள 0.75 மில்லிமீட்டர் குரோஷா ஊசியால் உள்ளே இழுத்துவிடுங்கள். சிறு சிறு குத்தாக இருக்கட்டும். கையில் ‘நறுக்’கென்று உணர்ந்தால் முடி அறுகிறது, உடனே நிறுத்துங்கள்.

அழுக்கு ஏறினால்தான் சடை பிடிக்கும் என்பது பொய். சடைக்குப் பேர்போன ஜமைக்காவின் ராஸ்தாஃபாரி சமயத்தார், முடி வெட்டாதிருக்கும் விவிலியத்தின் நசரேய விரதத்தைப் பின்பற்றிக் கத்தியை விலக்கினார்களே தவிர, தண்ணீரை விலக்கவில்லை. சுத்தமான முடிதான் வழுக்காமல் பற்றும். புது முறுக்குக்கு ஒரு வாரம் ஓய்வு கொடுத்து, பிறகு வாரம் ஒரு முறையாவது கழுவுங்கள். கண்டிஷனர் கூடாது. கழுவிய கையோடு ஒவ்வொரு திரியையும் வேரில் பிடித்துப் பக்கத்துத் திரியிலிருந்து பிரித்துவிடுங்கள். பிடரியில் உங்களுக்கு நேர்ந்தது இதைச் செய்யாததால்தான்.

அலையாத்தி:
அக்கா சொன்னதோடு ஒன்று. ஓயாமல் வேரை முறுக்காதீர்கள், இறுக்கிக் கொண்டை போடாதீர்கள். நான் தினமும் முறுக்கி, நெற்றிப்பொட்டுப் பக்கம் இரண்டு திரிகள் நூலாக இளைத்துத் தொங்கின. இழுவையில் உதிர்ந்த முடி நாளானால் திரும்ப முளைக்காமலே போகலாம். மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும் முடி வேரில் தளர்வாகத்தான் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

தாழம்பூ:
மிக்க நன்றி அக்கா. ஞாயிற்றுக்கிழமை அம்மாவே எண்ணெய் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆறு மணி நேரத்தில் 20 திரிகள் பிரித்திருக்கிறோம். சீப்பில் மெழுகு பனங்கற்கண்டுத் தூள்போல ஒட்டுகிறது. மற்றவை முடிந்ததும் புதிதாக முறுக்கிவிடலாமா, அல்லது ஐப்பசி மழை போகும்வரை பொறுக்கலாமா?

கரிசல்காட்டுக்காரி:
எண்ணெய் முழுக்கப் போக நான்கைந்து முறை கழுவ வேண்டியிருக்கும். போன பிறகு முறுக்குங்கள், மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். மழை நாளில் காலையிலேயே தலைக்கு ஊற்றி, பருத்தித் துண்டில் ஒவ்வொரு திரியாகப் பிழிந்து, மின்விசிறிக்கு முதுகு காட்டி உட்காருங்கள். ஈரத்தோடு படுத்தால் உள்ளே பூஞ்சை பிடித்து நனைந்த சாக்கு வாடை வரும். திரி இறுகி முதிர ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆறாம் மாதத்தில் வளைந்து நெளிந்து, குட்டையாகி, பார்க்கவே பொறுக்காது. அப்போது கத்திரியை எடுக்காதீர்கள், இங்கே வந்து எழுதுங்கள்.