இளம் ஆய்வாளர் விருதுக்கு விண்ணப்பம்: எங்கிருந்து தொடங்கறதுங்க?

சாயத்தண்ணி:
வணக்கமுங்க. ஈரோடு மாவட்டத்துல ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில உதவிப் பேராசிரியர். வயசு 33, பிஎச்.டி. முடிச்சு மூணு வருசம். சாயப்பட்டறைக் கழிவுநீர்ல இருந்து உப்பை மீட்கறதுதான் ஆய்வு. ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுக்கற ஸ்கோபஸ் தரவுத்தளத்துல 11 கட்டுரை இருக்குதுங்க. விருதுக்குப் போடச் சொல்லித் துறைத்தலைவர் சொல்றாங்க. பரிந்துரைக் கடிதம் யார்கிட்ட வாங்கறது, 500 வார்த்தைச் சுருக்கத்துல என்ன எழுதறது? 'இளம் விஞ்ஞானி விருது' தர்றோம், 6,500 ரூபாய் கட்டுங்கன்னு ஒரு மின்னஞ்சலும் வந்திருக்குது. அதுக்குப் போடலாமுங்களா?

நொய்யல்கரை:
பணம் கேக்கற விருது வேண்டவே வேண்டாமுங்க. பதிவுக் கட்டணம், கேடயச் செலவுன்னு என்ன பேர் வெச்சாலும் அது விலைக்கு வாங்கற பட்டம்தான். தேர்வுக்குழுவுல யார் இருக்காங்கன்னு வெளியில சொல்ல மாட்டாங்க. நர்சிங், வணிகவியல், மெக்கானிக்கல்னு எல்லாத்துக்கும் ஒரே மேடை. விண்ணப்பிச்ச பத்தே நாள்ல 'தேர்வாகிட்டீங்க'ன்னு பதில் வரும். தன்விவரத்துல அந்த ஒரு வரியைப் பார்த்தா, விவரம் தெரிஞ்ச நடுவருக்கு மத்த வரிகள் மேலயும் சந்தேகம் வந்துரும். ஏற்கெனவே வாங்கினது ஏதாவது இருந்தா எடுத்துருங்க. அறிவியல் சங்கங்களோட உறுப்பினர் சந்தா வேற கணக்கு, அதோட இதைக் குழப்பிக்க வேண்டாம்.

பவானிக்கூடல்:
தம்பி, வயசு வரம்போட சேர்த்து 'எந்தத் தேதிக்கு அந்த வயசு'ன்னும் பாருங்க. ஒரு அறிவிப்புல ஜனவரி 1, இன்னொண்ணுல டிசம்பர் 31, வேறொண்ணுல விண்ணப்பக் கடைசி நாள். ஒரே ஆள் ஒண்ணுல தகுதி, இன்னொண்ணுல தகுதியில்லை. நம்ம ஈரோட்டுல பொறந்த ராமானுஜன் 32 வயசுதான் வாழ்ந்தார்ங்கறதால, கணிதத்துக்கான சாஸ்த்ரா ராமானுஜன் பரிசுக்கு வரம்பே 32. மத்திய அரசோட ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்காரத்துல விஞ்ஞான் யுவா பிரிவுக்கு 45, அதுக்கு ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளம் வழியாத்தான் போடணும். இன்ஃபோசிஸ் பரிசுக்கு 2024ல இருந்து 40. அதுல நம்ம பேரை நாமளே கொடுக்க முடியாது, வேறொருத்தர்தான் முன்மொழியணும். கடைசியாச் சொன்ன ரெண்டும் பெரிய தளம், உங்களுக்கு இப்ப அவசரமில்லை. பிஎச்.டி. ஆய்வேட்டுக்கும், உங்க துறைச் சங்கத்துக்கும், மாநில அளவுலயும் வர்ற விருதுகள்ல மூணைத் தேர்ந்தெடுங்க. ஒவ்வொண்ணுலயும் போன அஞ்சு வருசம் வாங்கினவங்க பட்டியலை எடுத்து, உங்க மாதிரி வேலை அதுல இருக்குதான்னு பாருங்க. இல்லைன்னா விட்டுருங்க.

கடிதத்துக்கு நெறியாளர் ஒருத்தர் போதாது. உங்க முறையைப் பயன்படுத்தின, உங்ககூடக் கட்டுரை எழுதாத வெளியாள் ஒருத்தர் வேணும். ஆறு வாரம் முன்னாடியே கேளுங்க. தன்விவரம், மூணு முக்கியக் கட்டுரை, கடைசித் தேதி, எங்கே அனுப்பணும், எல்லாத்தையும் ஒரே மின்னஞ்சல்ல கொடுத்துருங்க. நீங்களே ஒரு கடிதம் எழுதி ரெண்டு பேர்கிட்டக் கையெழுத்து வாங்காதீங்க. ஒரே வாக்கியம் ரெண்டுலயும் இருந்தா ரெண்டு கடிதமும் வீண்.

இனி சுருக்கம். 'சுற்றுச்சூழலுக்கு உகந்த புதுமையான முறை'ன்னு ஆரம்பிச்சா யாருக்கும் ஒண்ணும் புரியாது. குழுவுல இயற்பியல்காரரும் உயிரியல்காரரும் இருப்பாங்க, அவங்களுக்குத் திருப்பூர் தெரியாது. பிரச்சனையைச் சொல்லுங்க: ரியாக்டிவ் சாயம் பருத்தியில ஏற, நிறத்தோட அடர்த்தியைப் பொறுத்து லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் உப்பு வேணும். உப்பு துணியில தங்காது, தண்ணியோடவே போயிரும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் இதனாலதான். ஆர்.ஓ. போட்டுச் சவ்வு வழியா வடிகட்டினாலும், மிஞ்சற ரிஜெக்ட் தண்ணியில உப்பு குவியும், அதை வத்தவைக்கற நீராவிச் செலவுதான் பட்டறைக்காரங்களை முறிக்குது. இது நாலு வரி போதும். பாக்கி இடமெல்லாம் உங்க முடிவுக்கு: மீட்ட உப்பு எத்தனை சதவீதம் சுத்தம், அதை வெச்சு மறுபடி எத்தனை தடவை சாயம் போட முடிஞ்சது, நிற வேறுபாடு டெல்டா ஈ எவ்வளவு. பீக்கர்ல அரை லிட்டருக்குக் கிடைச்சதைப் பொது சுத்திகரிப்பு நிலையத்துல கிடைச்ச மாதிரி எழுதவே கூடாதுங்க. நேர்காணல்ல முதல் கேள்வியே அதுதான்.

11 கட்டுரையில அஞ்சை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் கீழ ரெண்டு வரி: சோதனையை வடிவமைச்சது யாரு, அளந்தது யாரு, எழுதினது யாரு. நெறியாளர் பேர் இல்லாத கட்டுரை ஒண்ணாவது இருந்தா அதை முதல்ல வைங்க. தனியா நிக்கறீங்களான்னு பாக்கறவங்களுக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

சாயத்தண்ணி:
ரொம்ப நன்றிங்கண்ணா. நெறியாளர் இல்லாத கட்டுரை ரெண்டு இருக்குதுங்க. ஆனா ஸ்கோபஸ்ல என் பேர்ல 7 தான் காட்டுது, பாக்கி நாலு வேற எங்கேயோ இருக்குது.

கொங்கு நூலகம்:
அது இனிஷியல் பிரச்சனைங்க. சில கட்டுரையில இனிஷியல் முன்னாடி, சிலதுல பின்னாடி, சிலதுல அப்பா பேரை முழுசா எழுதியிருப்பீங்க. ஸ்கோபஸ் ரெண்டு ஆளுன்னு நினைச்சுப் பிரிச்சுரும். ஆசிரியர் விவரத்தைத் திருத்தற பக்கத்துல போய் ரெண்டு அடையாள எண்ணையும் இணைக்கக் கோரிக்கை கொடுங்க. சரியாக நாளாகும், இன்னைக்கே செய்யுங்க. ஆய்வாளருக்கான தனி அடையாளமா இருக்கற ஆர்கிட் எண் எடுத்து, இனி எல்லாக் கட்டுரையிலயும் ஒரே பேர். மேற்கோள் எண்ணிக்கை எழுதறப்போ எந்தத் தளம், எந்தத் தேதின்னு பக்கத்துலயே போடுங்க. கூகுள் ஸ்காலர் எண்ணையும் ஸ்கோபஸ் எண்ணையும் கலக்காதீங்க.

பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் கேப்பாங்க. அதுல இருக்கற பேரும் பிஎச்.டி. பட்டத்துல இருக்கற பேரும் ஒத்துப் போகுதான்னு முன்னாடியே பாருங்க. முதல்வர் கையெழுத்து வேணுங்கற விண்ணப்பத்தைக் கல்லூரி வழியா அனுப்பற முன்னனுப்புக் கடிதத்தைப் பொங்கல் லீவுக்கோ செமஸ்டர் தேர்வுக்கோ நடுவுல கொண்டு போனா வாரக்கணக்குல மேசையிலயே கிடக்கும். கடைசித் தேதிக்கு ரெண்டு வாரம் முன்னாடி கொடுத்து, முத்திரையோட வாங்கிட்டு வாங்க. ஸ்கேன் பண்ணின பிடிஎஃப் எத்தனை எம்.பி. வரை ஏறும்னு அறிவிப்புல பார்த்து, தாண்டினா கறுப்பு வெள்ளையில மறுபடி ஸ்கேன் பண்ணுங்க.