கியர்பாக்ஸ் மாத்தின பிறகு கன்வெர்ட்டர் இடைவெளி: ஒரு நூலா, ஒன்றரை நூலா?

வேலந்தாவளம் பட்டறை

உக்கடத்துல இருந்தோ பாலக்காட்டுப் பக்கம் பொளி கடையில (பழைய வண்டியைப் பிரிச்சு விக்கிற கடை) இருந்தோ ஆட்டோமேட்டிக் பாக்ஸ் எடுத்துப் போடுற வண்டிங்க இப்ப நிறைய. பாக்ஸைப் பார்த்து வாங்குறவங்க கன்வெர்ட்டரையும் (என்ஜின் சுழற்சியை ஆயில் வழியா பாக்ஸுக்குக் கடத்துற டார்க் கன்வெர்ட்டர்) ஃப்ளெக்ஸ்பிளேட்டையும் (அதைக் கிராங்க்கோட இணைக்கிற தகடு) அளக்குறதில்லை. மாட்டின பிறகு ஊளைச் சத்தம், முன் சீல் ஒழுகல், வண்டி நகராம நிக்கிறதுன்னு வர்ற கேஸ்களை இங்க எழுதுங்க. அளக்குற முறையில இருந்து நானே ஆரம்பிக்கிறேன்.

பாக்ஸை வால் கீழ, பெல் ஹவுசிங் (பாக்ஸோட முன்னால கன்வெர்ட்டர் உக்காருற கூடு) வாய் மேல இருக்குற மாதிரி நிறுத்துங்க. கன்வெர்ட்டருக்குள்ள ஒரு லிட்டர் ஏ.டி.எஃப் (ஆட்டோமேட்டிக் பாக்ஸ் ஆயில்) ஊத்தி, உள்ள அமுக்கிக்கிட்டே சுத்துங்க. அது முழுசா இறங்கினதும் பெல் ஹவுசிங் முகத்துல ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வச்சு, அங்கிருந்து கன்வெர்ட்டரோட போல்ட் காது வரைக்கும் வெர்னியர்ல ஆழம் எடுங்க. மூணு இடத்துல எடுக்கணும். இது முதல் அளவு. அடுத்து என்ஜின் பக்கம்: பிளாக்கோட பின்முகத்துல இருந்து ஃப்ளெக்ஸ்பிளேட்டுல கன்வெர்ட்டர் உக்காருற முகம் எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குன்னு அளங்க. முதல் அளவுல இருந்து இதைக் கழிச்சா வர்றதுதான் கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி. ஆழம் 26 மி.மீ, நீட்டல் 22 மி.மீ-ன்னா இடைவெளி 4.

பிளாக்குக்கும் பாக்ஸுக்கும் நடுவுல தகடு வர்ற வண்டின்னா, தகட்டை மாட்டிட்டு அதோட முகத்துல இருந்து நீட்டலை எடுங்க. தகட்டை விட்டுட்டுப் பாக்ஸைச் சேர்த்தா அந்தத் தகட்டு கனம் அளவுக்கு இடைவெளி குறைஞ்சுடும். ஸ்டார்ட்டர் பல்லும் ரிங் கியர்ல சரியா உக்காராது.

எவ்வளவு இருக்கணும்? பழைய ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) டர்போ 350, 400, 700ஆர்4 வகை பாக்ஸுக்கெல்லாம் வழக்கமான கணக்கு 1/8 இஞ்ச்ல இருந்து 3/16 இஞ்ச், அதாவது 3.2-ல இருந்து 4.8 மி.மீ. நம்ம லேத் பாஷையில ஒரு நூலுக்கு (1/8 இஞ்ச்) குறையாம, ஒன்றரை நூலுக்கு மிகாம. மத்த கம்பெனி வண்டிக்கு அந்தந்த மேனுவல்ல இருக்குற ஆழத்தைத்தான் பிடிக்கணும். இந்தக் கணக்கை எல்லாத்துக்கும் போடக் கூடாது.

பொள்ளாச்சி, கோவை ரோடு

அண்ணா சொன்ன "முழுசா இறங்கினதும்"ங்கிற இடத்துலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. கன்வெர்ட்டர் மூணு இடத்துல பிடிக்கணும்: இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் (தண்டுல வெட்டின பல்), ஸ்டேட்டர் சப்போர்ட் ஸ்ப்ளைன், கடைசியா பம்ப் கியர். ஒவ்வொண்ணும் விழும்போது கையில ஒரு "டொக்" தெரியும். முதல் ரெண்டு சுலபமா விழுந்துடும். மூணாவதுக்குக் கன்வெர்ட்டர் கழுத்துல இருக்குற வெட்டும் பம்ப் கியரோட காதும் நேருக்கு நேர் வரணும். அது விழாமலே "போதும்"னு பாக்ஸை ஜாக்கில ஏத்திடுறாங்க.

ஏத்தினா பாக்ஸுக்கும் பிளாக்குக்கும் நடுவுல அரை இஞ்ச் வாக்குல சந்து நிக்கும். உடனே நீள போல்ட் போட்டு இழுக்குறது. இந்த ஒரு வேலையை மட்டும் செய்யாதீங்க. கையாலயே ரெண்டு முகமும் ஒட்டிச் சேரணும். போல்ட் சேர்ந்ததைப் பிடிச்சு வைக்கத்தான். இழுத்தா பம்ப் உள் கியரோட காது உடையும், இல்லன்னா பம்ப் பாடியே விரிசல் விடும். அப்புறம் ஸ்டார்ட் பண்ணினா ஊளை, பிரஷர் இல்ல, டி-ல போட்டாலும் ஆர்-ல போட்டாலும் வண்டி அசையாது. பாக்ஸ்ல கோளாறுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாங்க. பாக்ஸ் நல்லாத்தான் இருந்திருக்கும்.

இன்னொண்ணு: தூக்கும்போது பாக்ஸ் முன்பக்கம் சாஞ்சா கன்வெர்ட்டர் வழுக்கி வெளிய வந்துடும். பெல் ஹவுசிங் வாய்க்குக் குறுக்க ஒரு பட்டை இரும்பு கட்டுங்க. சேர்க்குறதுக்கு முன்னாடி ஆழத்தை இன்னொரு தடவை அளங்க. பெல் போல்ட் எல்லாம் இறுகின பிறகும் கன்வெர்ட்டர் கையால சுத்தணும், முன்னும் பின்னும் அந்த ஒரு நூல் ஆடணும். ஆடலைன்னா அங்கயே நிறுத்திடுங்க, சாவி பக்கம் போகவே கூடாது. எல்லாம் மாட்டின பிறகு கிராங்க் புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு, என்ஜின் ஓடுற திசையில ரெண்டு முழுச் சுத்து சுத்திப் பாருங்க. எங்கயும் இடிக்கக் கூடாது.

சித்தூர் (பாலக்காடு)

இங்க ஒரு டொயோட்டா நிக்குது. மூணு டொக்கும் கேட்டுச்சு, பாக்ஸ் கையாலயே சேர்ந்துச்சு. ஆனா இடைவெளி 7.5 மி.மீ. வாஷர் வச்சு நிரப்பலாமா? பழைய ஃப்ளெக்ஸ்பிளேட் விரிசல் விட்டதால வேற ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கு.

வேலந்தாவளம் பட்டறை

7.5-க்கு வாஷர் மருந்து இல்லைங்க. கொஞ்சம் கூடுதலா, 5, 5.5 வந்தா, எல்லாப் போல்ட்டுக்கும் ஒரே கனத்துல கடினப்படுத்தின வாஷர் ஒவ்வொண்ணு, ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் கன்வெர்ட்டர் காதுக்கும் நடுவுல வைக்கலாம். ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாது. வாஷர் கனத்தையும் வெர்னியர்ல பார்த்துடுங்க. ஒரே டப்பாவுல இருக்குறதே ஒண்ணுக்கொண்ணு மாறும்.

ஏன் கூடுதல் ஆகாதுன்னா, கன்வெர்ட்டர் போல்ட்டை இறுக்கும்போது அது அந்த இடைவெளி தூரம் முன்னால வருது. 7.5 மி.மீ முன்னால வந்தா கழுத்து பம்ப் கியர்ல இருந்து அவ்வளவு வெளிய வந்துடும், பிடி நுனியில நிக்கும். குறைஞ்சாலும் கேடுதான்: ஓடும்போது கன்வெர்ட்டர் சூட்டுலயும் பிரஷர்லயும் கொஞ்சம் உப்பும், விரிய இடம் இல்லன்னா கிராங்க்கை முன்னால தள்ளும். பம்பும் தேயும், என்ஜின் த்ரஸ்ட் பேரிங்கும் தேயும்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் வந்தா பொருள்ல எதோ மாறியிருக்கு, இல்ல விட்டுப்போயிருக்கு. ஜி.எம். எல்.எஸ். என்ஜின் இதுக்கு நல்ல உதாரணம்: அதுல பெரும்பாலானதோட கிராங்க் முகம் பழைய வி8-ஐ விட 0.400 இஞ்ச், கிட்டத்தட்ட 10 மி.மீ உள்ள இருக்கு. பழைய பாக்ஸைச் சேர்க்கணும்னா ஸ்பேசரும் (இடையில வைக்கிற வளையம்) நீள கிராங்க் போல்ட்டும் போட்டே ஆகணும். உங்க வண்டியில பழைய ஃப்ளெக்ஸ்பிளேட்டையும் புதுசையும் ஒரு சமதளத்துல வச்சு குழிவு ஒண்ணான்னு பாருங்க. அப்படியே முன் ஸ்பேசர், பின் ஸ்பேசர் ரெண்டும் கையில இருக்கான்னு எண்ணுங்க. டொயோட்டாவுல ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேசர் வர்ற என்ஜின் உண்டு. கிராங்க் பக்கம் வர்றதை விட்டா பிளேட் முன்னால போய் உக்காந்து இடைவெளி கூடும்.

கொழிஞ்சாம்பாறை

விரிசல் விட்ட ஃப்ளெக்ஸ்பிளேட்டுன்னு சொன்னீங்க. ஏன் விட்டுச்சுன்னு பார்க்காம புதுசைப் போட்டா அதுவும் விடும்.

அந்தச் சத்தத்தைக் கேட்டா பிக் எண்ட் (கனெக்டிங் ராடோட கிராங்க் பக்க பேரிங்) போச்சுன்னே தோணும். ஐடில்ல "டக் டக்", ஆக்ஸிலேட்டர் கொடுத்தா மாறும், என்ல இருந்து டி-க்குப் போட்டா இன்னொரு மாதிரி மாறும். என்ஜினைப் பிரிச்சு பேரிங் எல்லாம் நல்லா இருக்குன்னு மறுபடியும் பூட்டின கேஸ் இந்தப் பக்கம் கொஞ்சமில்லை. முதல்ல கீழ இருக்குற சின்ன மூடியைக் கழட்டி, டார்ச் அடிச்சு, கிராங்க்கைக் கையால சுத்திக்கிட்டே பாருங்க. விரிசல் பெரும்பாலும் கிராங்க் போல்ட் வட்டத்தை ஒட்டி முடி மாதிரி ஓடும், ஓரத்துல துருப்பொடி செவப்பா நிக்கும். சில சமயம் போல்ட் தலையோட வாஷர் தகடு மூடியிருக்கும், கழட்டினாதான் தெரியும்.

காரணத்துல முதல் சந்தேகம் டோவல் பின் (பாக்ஸை மையத்துல நிறுத்துற முளை). பிளாக்குல ரெண்டு இருக்கணும். பொளியில கழட்டும்போது ஒண்ணு பாக்ஸோட போயிடும். பின் இல்லாம போல்ட்டை மட்டும் நம்பினா பாக்ஸ் மையம் விலகி உக்காரும், ஒவ்வொரு சுத்துக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட் வளைஞ்சு நிமிரும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்கிற மாதிரிதான். பம்ப் புஷ் தேஞ்சு முன் சீல் ஒழுகுறதும் இதனாலதான். எத்தனை சீல் மாத்தினாலும் நிக்காது.

டயல் கேஜ் வச்சுப் பாருங்க. பல டொயோட்டா மேனுவல்ல ஃப்ளெக்ஸ்பிளேட் ஆட்டம் அதிகபட்சம் 0.20 மி.மீ, அதுல கன்வெர்ட்டரை மாட்டி கழுத்துல எடுக்குற ஆட்டம் 0.30 மி.மீ. கழுத்து ஆட்டம் கூடினா கன்வெர்ட்டரை அடுத்த போல்ட் துளைக்குத் திருப்பி மாட்டிப் பாருங்க, அடங்கினா அந்த இடத்தை பெயின்ட்ல குறிச்சு வச்சு அப்படியே சேருங்க. கன்வெர்ட்டர் மூக்கு கிராங்க் துளையில ஆடாம உக்காரணும். துளை பெருசு, மூக்கு சின்னதுன்னா நடுவுல புஷ் வேணும்.

பொள்ளாச்சி, கோவை ரோடு

போல்ட் நீளத்தையும் பாருங்க. ஸ்பேசர், வாஷர்னு மாத்தினவங்க கைக்குக் கிடைச்ச நீள போல்ட்டைப் போடுறாங்க. நுனி கன்வெர்ட்டர் முன்முகத்துல முட்டி உள்பக்கம் கொப்பளிக்கும். அந்த முகத்துலதான் லாக்கப் கிளட்ச் (ஓடும்போது கன்வெர்ட்டரை நேரடியா பூட்டுற கிளட்ச்) பிடிக்குது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறும்போது பாக்ஸ் சூடு எகிறும், சமதளத்துக்கு வந்து லாக்கப் விழும்போது உதறும், காரணம் புரியாது. எல்லாக் கன்வெர்ட்டர் போல்ட்டையும் கையால தொடங்கி வச்ச பிறகுதான் முதல் போல்ட்டை இறுக்கணும்.

பழைய பாக்ஸ் உள்ள எரிஞ்சு போனதுன்னா கூலரையும் பைப்பையும் கழுவாம புதுசை இணைக்காதீங்க.

ஏ.எம்.டி (சாதா கியர்பாக்ஸையே தானா மாத்துற வகை) வண்டிக்காரங்க இதையெல்லாம் படிச்சுக் குழம்ப வேண்டாம். அதுல கன்வெர்ட்டரே கிடையாது, சாதா கிளட்ச் பிளேட்தான்.

சித்தூர் (பாலக்காடு)

முன் ஸ்பேசர் பழைய ஃப்ளெக்ஸ்பிளேட்டுல துருவோட ஒட்டிக்கிட்டு குப்பையில கிடந்துச்சு. 3.5 மி.மீ கனம். தேய்ச்சுப் போட்டு அளந்தாச்சு: மூணு இடத்துலயும் 4. டோவல் பின்னும் ஒண்ணுதான் இருக்கு, அதுக்கு லேத்துக்கு ஆள் போயிருக்கு.