குணசேகரனைத் திட்டியவர்களும் மாரிமுத்துவுக்காக அழுதவர்களும்

சன் தொலைக்காட்சியில் ‘எதிர்நீச்சல்’ 2022 பெப்ரவரியில் ஆரம்பமானபோது கொழும்பில் மின்வெட்டுக் காலமும் ஆரம்பமாகிவிட்டது. மார்ச் 31ஆம் திகதிக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட அந்த நாட்களில், வெள்ளவத்தையில் நாங்கள் வசிக்கும் தொடர்மாடியின் ஜெனரேட்டர் மின்தூக்கியையும் படிக்கட்டு விளக்குகளையும் மட்டுமே தாங்கியது. இரவு நாடகம் தவறிப்போனால், மறுநாள் யாருடைய கைத்தொலைபேசியில் சார்ஜ் மிஞ்சியிருக்கிறதோ அவர் வீட்டில் பெண்கள் கூடிவிடுவார்கள். ஆதி குணசேகரனை நான் முதலில் கண்டது அப்படியொரு சிறு திரையில்தான். முகம் சரியாகத் தெரியவில்லை. அதட்டும் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: படித்த பெண்களைத் தம்பிமாருக்குக் கட்டிவைத்து, அவர்களைச் சமையலறைக்குள் அடைத்து ஆளும் மூத்த அண்ணன் அவர். அந்தப் பாத்திரத்தில் நடித்த ஜி. மாரிமுத்து, அதற்கு முன் ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய படங்களை இயக்கியவர். ஒரு காட்சிக்கு எவ்வளவு போதும் என்பதை இயக்குநராக இருந்து கற்றுக்கொண்டாரோ என்னவோ, சினிமா வில்லன்களைப் போல அவர் கண்ணை உருட்டவில்லை. கதிரையில் சாய்ந்து அமர்ந்து, தான் சொல்வதெல்லாம் நியாயம் என்று முழுமனதாக நம்புகிற ஒருவராகப் பேசினார். அப்படிப்பட்ட ஒருவர் எங்கள் ஒவ்வொருவர் குடும்பத்திலும் இருந்தார் என்பதுதான் விடயம்.

எங்கள் குடும்பத்தில் அவர் பெரியப்பா. “அவன் சொல்றதில என்ன பிழை?” என்று நாடகம் நடக்கும்போதே கேட்பார். முன்பெல்லாம் அவருக்கு எதிராக ஒரு சொல் பேசாத மருமக்கள் இருவரும், குணசேகரனைத் திட்டும் சாக்கில் பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். தேநீர் கேட்டு அவர் குரல் உயர்த்தினால், “இந்தாம்மா ஏய்!” என்று குணசேகரன் அடிக்கடி சொல்லும் வசனமே சமையலறையிலிருந்து பதிலாக வரும். அவரும் சிரித்துவிடுவார். வேறு எந்த வழியிலும் அந்த வீட்டில் நடந்திருக்க முடியாத உரையாடல் அது. மாரிமுத்து மீது எங்களுக்கு வந்த பற்று அங்கேதான் பிறந்தது என்று நான் நினைக்கிறேன். 2023 ஓகஸ்ட் 10 அன்று வெளியான ‘ஜெயிலர்’ படத்தைப் பார்த்துவிட்டு வந்த தம்பியின் மகன், ரஜினியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே, “குணசேகரன் இருக்கிறார்” என்றுதான் அறிவித்தான்.

மூன்றாம் மாடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து மாமியின் கதை வேறு. அவர் ஒவ்வோர் இரவும் திரையைப் பார்த்துக் கை நீட்டிச் சபிப்பவர். “நாசமாய்ப் போவான், உவனுக்கு ஒரு வருத்தம் துன்பம் வராதோ?” என்பது அவருடைய வழக்கமான மங்களம்.

2023 செப்டெம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை, சென்னையில் அதே தொடருக்காகக் குரல் பதிவு செய்துகொண்டிருந்த மாரிமுத்துவுக்கு மாரடைப்பு ஏற்பட்டு அவர் இறந்தார். செய்தி வட்ஸ்அப்பில் வந்தபோது மாமி நம்பவில்லை. “கதைக்குள்ள தானே?” என்று என்னிடம் கேட்டார். நாடகத்தில் குணசேகரன் நெஞ்சுவலியைப் பற்றிப் பேசிய காட்சியும் அன்று கைக்குக் கை பரவிக்கொண்டிருந்ததால், அவர் குழம்பியதில் வியப்பில்லை. உண்மை என்று தெரிந்ததும் மதியம் அவர் சாப்பிடவில்லை. மாலையில் மயூரபதி அம்மன் கோவிலுக்கு என்னையும் அழைத்துப் போனார். நெய்விளக்கு ஏற்றிவிட்டு வெளியே வரும்போது, “நான் திட்டினது குணசேகரனை. அந்தப் பிள்ளையை இல்லை. அம்மாளுக்கு அது விளங்கும்தானே?” என்றார். விளங்கும் என்றேன். சாமியிடம் வக்காலத்து வாங்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்பது வேறு விடயம், ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தேவைப்பட்டது அந்தப் பதில்தான்.

அதன்பின் கதையில் குணசேகரன் சில காலம் வீட்டை விட்டுப் போனவராகக் காட்டப்பட்டார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். எழுத்தாளராகவும் நடிகராகவும் அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அவருடைய குணசேகரனைக் கண்டு எங்கள் வீட்டுப் பெண்கள் பயந்தார்களே தவிர, வாய்க்கு வாய் கொடுக்கவில்லை. அதட்டலுக்குள் மாரிமுத்து வைத்திருந்த ஒரு அசட்டுத்தனம், எதிரே இருப்பவரை வம்புக்கு இழுக்கும் அந்த இடைவெளி, புதியவரிடம் இல்லை. மாமி இன்றைக்கும் அவரைப் “புதுக் குணசேகரன்” என்றே சொல்கிறார். ஒரு சாபம்கூட விடுவதில்லை.

தொடர் 2024 ஜூனில் முடிந்து, அதே ஆண்டு டிசெம்பரில் இரண்டாம் பாகமாகத் திரும்பி வந்தது. என்னைக் கேட்டால், அந்தப் பாத்திரத்தை மாரிமுத்துவோடு முடித்துவிட்டு, அண்ணன் இல்லாத வீட்டை அவர் மனைவி ஈஸ்வரியும் தம்பிமாரின் மனைவிகளான நந்தினியும் ரேணுகாவும் ஜனனியும் எப்படி நடத்துகிறார்கள் என்று காட்டியிருக்க வேண்டும். அதுவே அவர்கள் இவ்வளவு நாள் போராடியதற்குப் பொருத்தமான கதையாக இருந்திருக்கும். பெரியப்பா இதை ஒப்புக்கொள்ள மாட்டார். குணசேகரன் இல்லாத வீட்டை எவன் பார்ப்பான் என்கிறார்.