ஸ்டார்ட்அப் பகிடிச் சீட்டு கிளிநொச்சியில் எடுபடுமா?

பாலைப்பழம்:
அறிவியல் நகரில் படிக்கும் நாங்கள் சிலர், ஸ்டார்ட்அப் எனப்படும் புதுத் தொழில் கொம்பனிகளின் உலகத்தைப் பகிடி பண்ணும் சீட்டுக்கட்டு ஒன்றைத் தமிழில் செய்கிறோம். கார்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹியூமானிட்டி என்ற அமெரிக்கச் சீட்டு விளையாட்டின் முறைதான்: ஒருவர் கறுப்புச் சீட்டில் உள்ள கோடிட்ட இடத்தை வாசிப்பார், மற்றவர்கள் கையிலுள்ள வெள்ளைச் சீட்டால் நிரப்புவார்கள், நல்ல பகிடிக்குப் புள்ளி. மாதிரிக்கு: "முதலீட்டாளரே, ______ தான் வன்னியின் ஊபர்." வெள்ளைச் சீட்டுகள்: இரண்டு உழவு இயந்திரம், நுண்கடன் செயலி, மாமாவின் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்).

முறிகண்டிச்சந்தி:
இங்கே ஒரு பெடியன் கொம்பனி தொடங்கப் போகிறேன் என்றாலே, "அரசாங்க வேலைக்குப் போடு" என்பார்கள். அதற்கு மேலே நீங்களும் சிரிக்க வேண்டுமா? சிலிக்கன் பள்ளத்தாக்கில் காசு வழிகிறது, அவர்கள் தங்களையே நக்கலடிக்கலாம். எங்களுக்கு முதலில் தொடங்க ஆள் வேண்டும்.

ஏ9காரி:
அண்ணை, பகிடி தொடங்குகிறவன் மேலே இல்லை, அளந்துவிடுகிறவன் மேலே. ஜூசெரோ என்று ஒரு கொம்பனி பழச்சாறு பிழியும் இயந்திரத்தைச் சுமார் 400 டொலருக்கு விற்றது. அதற்குள் வைக்கும் பழப் பையைக் கையாலேயே பிழியலாம் என்று 2017இல் ப்ளூம்பெர்க் செய்தியாளர்கள் காட்டினார்கள். அந்த ஆண்டே மூடிவிட்டார்கள். இதற்குச் சிரிக்காமல்?

முறிகண்டிச்சந்தி:
ஜூசெரோ சீட்டு விழுந்தால் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும். பேசாமல் எங்கள் ஊர்ச் சீட்டாட்டம் 304 அடியுங்கள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம், அந்த நுண்கடன் சீட்டைத் தூக்கிவிடுங்கள். தவணை கட்ட வழியில்லாமல் ஒளித்து நின்ற அம்மாக்கள் இருக்கும் ஊர் இது.

குளக்கட்டு:
நுண்கடன் விஷயத்தில் சந்தி சொல்வது சரி. அந்தச் சீட்டு கடன் கொடுக்கிறவனைக் குத்தவில்லை, வாங்கினவளைக் குத்துகிறது. ஆனால் பகிடியே வேண்டாம் என்பதை ஒப்ப மாட்டேன். நெல் காயப்போட இடமில்லாமல் வீதியில் பரப்புகிறவனிடம் போய், "உங்களுக்கு ஒரு பிளாக்செயின் தருகிறோம்" என்று கணினிப் பதிவேட்டு நுட்பத்தை நீட்டுபவர்களைப் பயிற்சிப் பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். பதாகை, வடை, குழுப்படம், அதோடு சரி. தம்பி, ஜூசெரோவை விடுங்கள், இதை எழுதுங்கள். ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

பாலைப்பழம்:
நுண்கடன் சீட்டை எடுத்துவிட்டேன் அண்ணை. வடைக்கு மூன்று சீட்டு போடுகிறேன். நன்றாக வந்தால் அச்சடித்து விற்கவும் எண்ணம்.

ஏ9காரி:
கார்ட்ஸ் அகெய்ன்ஸ்ட் ஹியூமானிட்டியின் சீட்டு வாசகங்களைத் திருத்தி எடுத்திருந்தால் விற்க முடியாது. மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம்தான், ஆனால் வணிகத்துக்கு இடமில்லை. எல்லாம் சொந்தமாக எழுத வேண்டும்.

முறிகண்டிச்சந்தி:
வருமானத்துக்கு வழியே யோசிக்காமல் தொடங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கு முதலீடு நிச்சயம்.