வெருகோட்டமா, தேடோட்டமா: சைக்கிள் போட்டி ஒன்றுக்குச் சொல் வேண்டும்

அட்டனிலிருந்து:

வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு விதித்தாள் அச்சுக்குப் போக வேண்டும். எங்கள் டவுனில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள் அடுத்த மாதம் ஒரு போட்டி வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'ஆலிகேட்' என்று பெயர், அதாவது சந்துப் பூனை. 1989 இல் ரொரன்ரோ நகரத்துச் சைக்கிள் கூரியர்கள் தங்களுக்குள் தொடங்கியது. 1993 இல் பேர்லினில் கூரியர்களின் முதல் உலகப் போட்டி நடந்தபோது மற்ற ஊர்க்காரர்களுக்கும் அது அறிமுகமானது.

புறப்படும் நேரத்தில்தான் ஒரு தாள் கைக்கு வரும். போக வேண்டிய இடங்கள் அதில் இருக்கும், சில நேரம் விடுகதையாக. ஒவ்வோர் இடத்திலும் ஒப்பமோ முத்திரையோ வாங்க வேண்டும், சின்ன வேலை ஒன்றும் கொடுப்பார்கள். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் விருப்பம். கடைசியாக வருபவருக்கும் பரிசு கொடுக்கும் வழக்கம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

நான்கு சொற்கள் தேவை: போட்டிக்கு, இடையில் நிற்கும் இடத்துக்கு, அந்தத் தாளுக்கு, சக்கரக் கம்பிகளுக்குள் செருகும் இலக்க அட்டைக்கு. கடைசியானதற்குப் பிள்ளைகளே 'கம்பியட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதை யாரும் மாற்ற வேண்டாம்.

பேராதனையிலிருந்து:

பூனையைக் கைவிடாதீர்கள். 'வெருகு' என்ற அருமையான சொல் நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைப் பெயர் குட்டி என்கிறது. குறுந்தொகை 220 இல் ஒக்கூர் மாசாத்தியார் முல்லை மொட்டைப் பார்த்து 'வெருகு சிரித்தன்ன' என்கிறார். பூனையின் பல்லை மொட்டில் கண்ட கண் அது! வெருவுதல், வெருளுதல் இவற்றோடு சேர்ந்த சொல் என்றே நினைக்கிறேன். சத்தம் கேட்டால் வெருண்டு சந்துக்குள் பாயும் விலங்கு. ஆகவே 'வெருகோட்டம்'. துவிச்சக்கர வண்டி என்று போடாமல் ஈருருளி என்றே எழுதுங்கள்.

பதுளையிலிருந்து:

ஐயா, மாசாத்தியார் வரியை என் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எனக்கும் உயிர். ஆனால் வெருகு என்று கேட்கிற பிள்ளை கிழங்கைத்தான் நினைக்கும். ஈருருளியும் வேண்டாம், சைக்கிள் என்றால் பாட்டிக்கும் புரியும். இன்னொன்று, நம் மலை நகரங்களில் சந்து எங்கே இருக்கிறது? ஒரு மெயின் ரோடு, மேலே ஏறும் படிகள், தேயிலைக்குள் போகும் குறுக்குப் பாதை, அவ்வளவுதான். மல்லியப்புச் சந்தியிலிருந்து டிக்கோயாவுக்குப் போகிறவன் பூனையாக இருந்து பயனில்லை, எந்த ஏற்றத்தைத் தவிர்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இடத்தைத் தேடி ஓடுவதால் 'தேடோட்டம்'. வினைத்தொகை. தேடிய, தேடுகின்ற, தேடும் மூன்றும் அதில் அடங்கும். நிற்கும் இடம் 'சோதனைச்சாவடி', தாள் 'துண்டு'.

பேராதனையிலிருந்து:

தேடுபவர் ஆள்தானே, ஓட்டம் எப்படித் தேடும்? அப்புறம், ஓட்டம் என்றால் காலால் ஓடுவது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

சுடுசோறு என்கிறோம், சோறா சுடுகிறது? இங்கே நாங்கள் 'சைக்கிள் ஓடப் பழகினேன்' என்றுதான் சொல்வோம். நீங்கள் அங்கே ஓட்டுகிறீர்கள், நாங்கள் ஓடுகிறோம். ஓட்டம் எங்களுக்கு உறுத்தவில்லை.

கண்டியிலிருந்து:

போட்டியின் பெயர் எதுவானாலும் சரி. 'சோதனைச்சாவடி' மட்டும் வேண்டவே வேண்டாம். யுத்த காலத்தில் கொழும்புக்குப் பஸ் ஏறிய நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் என்னவாக இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். விளையாட்டுத் தாளில் அதை வாசிக்க என்னால் முடியாது. பஸ் தரிப்பிடம் என்கிறோமே, அதிலிருந்து 'தரிப்பு' எடுத்துக்கொள்ளலாம்.

'துண்டு' பற்றியும் யோசியுங்கள் சேர். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக நினைத்த தொழிலாளிக்குக் கொடுத்த சீட்டுக்கும் அதே பெயர்தான். அவருடைய கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டத்துக்கு ஆள் போவார். 1921 இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். எந்த வழியிலும் போகலாம் என்று சொல்லும் ஒரு விளையாட்டில் அந்தப் பெயரா?

தலவாக்கலையிலிருந்து:

அக்கா சொல்வது நெஞ்சில் படுகிறது. ஆனால் எங்கள் அம்மாவுக்குத் துண்டு என்றால் ஆஸ்பத்திரி மருந்துத் துண்டு. நூறு வருசத்தில் சொல் எங்கள் கைக்கு வந்துவிட்டது, அதைத் திரும்ப அந்தக் காலத்திடமே கொடுக்க எனக்கு மனமில்லை. நிற்கும் இடத்துக்கு 'மடுவம்' வைக்கலாம். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடையை இறக்கி, எடை பார்த்து, பதிந்துவிட்டுத்தானே திரும்ப மலைக்குப் போகிறோம்? இதிலும் அதேதான் நடக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி, இங்கே மடுவம் என்றால் மாடு வெட்டும் இடம். வெளியூர்ப் பிள்ளைகள் வந்தால் திகைத்துப்போவார்கள்.

அட்டனிலிருந்து:

வியாழன் இரவாகிவிட்டது. பிள்ளைகளிடம் எல்லாச் சொற்களையும் வாசித்துக் காட்டினேன். 'தேடோட்டம்' ஆறு பேருக்குப் பிடித்தது, 'வெருகோட்டம்' இரண்டு பேருக்கு. 'தரிப்பு' எல்லோருக்கும் சரி. தாளுக்கு இப்போதைக்கு 'வழிச்சீட்டு' என்று போடுகிறேன். வழியை அது சொல்வதில்லை என்று ஒரு பிள்ளை சரியாகவே கேட்டாள். அதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கம்பியட்டையில் பல் காட்டிச் சிரிக்கும் ஒரு வெருகு வரைகிறார்கள் ஐயா, அந்த இரண்டு பேரும்.

தலவாக்கலையிலிருந்து:

அச்சில் வழிச்சீட்டு இருக்கட்டும் சேர். எங்கள் தரிப்பில் நிற்கப்போவது நான்தான். வருகிற பிள்ளையிடம் 'துண்டைக் கொடு' என்றுதான் கேட்பேன்.