மறு: மூளைக்கட்டிச் சோதனையில் ‘ஸ்குவாஷ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> “நொறுக்குப் பூச்சு” என்று வைத்துக்கொள்ளலாமே. சுருக்கமாக இருக்கிறது.

ஐயா, வணக்கம்.

மூளைக்கட்டித் துணுக்கை நசுக்கிப் பார்க்கும் ‘ஸ்குவாஷ்’ முறைக்கு ‘நொறுக்கு’ வேண்டாமே. அப்பளம் நொறுங்கும், கண்ணாடி நொறுங்கும். மூளைத் திசு அப்படியல்ல, விரலால் லேசாக அழுத்தினாலே நசுங்கிப் பரவிவிடும். இந்த முறை நடப்பதே அந்த மென்மையால்தான்.

தஞ்சாவூரில் லேப் டெக்னீஷியன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் மண்டையோடு திறந்திருக்கும்போதே, குண்டூசித் தலை அளவுத் துணுக்கு ஒன்று நோயியல் மருத்துவரிடம் வரும். அவர் அதை ஒரு ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடால் அழுத்தி, நீளவாக்கில் இழுப்பார். சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டுச் சில நிமிடங்களில் பதில் சொல்வார். சர்ஜன் கத்தியோடு காத்திருப்பது அந்தப் பதிலுக்குத்தான்.

உறையவைத்துச் சீவும் முறையும் உண்டு. ஆனால் மூளையில் நீர் அதிகம். உறையும்போது பனிப்படிகங்கள் உண்டாகி, திசு முழுக்க ஓட்டை ஓட்டையாகத் தெரியும். நசுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. நரம்பு நோயியல் மருத்துவர் லூயிஸ் ஐசன்ஹார்ட்டும் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கும் மூளைக்கட்டித் துணுக்கைப் பச்சையாகவே பரப்பிச் சாயமிட்டுப் பார்ப்பதைப் பற்றி 1930இலேயே எழுதிவிட்டார்கள்.

இதில் முக்கியமான வேலை இழுப்பதுதான். துணுக்கு எப்படிப் பரவுகிறது என்பதே மருத்துவருக்குப் பாதி விடை. கிளியோமா (மூளையின் தாங்கு செல்களில் எழும் கட்டி) என்றால் மெல்லிய நார்களோடு பரவி வரும். மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றிய உறையில் எழும் கட்டி) பல நேரம் இழுக்க மசியாது, திட்டுத் திட்டாக நிற்கும். நுரையீரல் போன்ற வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். லிம்ஃபோமாவில் (நிணநீர்ச் செல் புற்றில்) செல்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும். ஆகவே பெயரில் நசுக்குவதும் வேண்டும், இழுப்பதும் வேண்டும். ‘பூச்சு’ இரண்டையும் சொல்லவில்லை.

> அப்படியானால் “நசுக்கிழுப்பு”?

மன்னார்குடி அக்கா சொன்ன இது மிகவும் நெருங்கி வந்துவிட்டது. ஒரே ஒரு தயக்கம். எங்கள் பக்கம் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு. வலிப்பு வந்தாலும் ‘கைகால் இழுத்துக்கிச்சு’ என்றுதான் சொல்வார்கள். மூளைக்கட்டி பலருக்கு முதலில் வலிப்பாகத்தான் தலைகாட்டும். ரிப்போர்ட்டில் ‘இழுப்பு’ என்ற சொல்லைப் பார்த்தால் வீட்டார் அதை வலிப்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஏற்கெனவே பயந்துபோய் நிற்பவர்களை நம் சொல் இன்னும் குழப்பக் கூடாது.

அதனால் நான் முன்வைப்பது: நசுக்கிழுவை. ‘இழுவை’ ஏற்கெனவே புழங்கும் சொல், நோயின் சாயலும் அதில் இல்லை. வினையாகவும் எளிதில் வரும்: “நசுக்கிழுவை போட்டுப் பார்த்தாச்சா?”

நசுக்கு + இழுவை என்று சேரும்போது உகரம் கெட்டு நசுக்கிழுவை என்றாகும். புணர்ச்சி அறிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். உறையவைத்துச் சீவுவதற்கு ‘உறைசீவல்’ என்று ஒன்று மனதில் இருக்கிறது, அதைத் தனி இழையில் பேசலாம்.